பூனைக் கதவுக்குத் தெரிந்தவள்

பூனைக் கதவு ‘டிக்’ என்று திறந்து ஆடியபோது, பூனை ரோவீனாவின் கையில் இருந்தது.

முன்னறைச் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த பிஸ்கட்டை இறால் துண்டு ஒன்றைக் காட்டி எழுப்பி, மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அவள் அப்போதுதான் சமையலறைக்குள் கால் வைத்திருந்தாள். பின்கதவின் அடிப்பாகத்தில், மதியம் முழுக்க அவளே அறுத்து, துளையிட்டு, ஸ்க்ரூ முடுக்கிப் பொருத்திய அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கதவு, யாரோ இப்போதுதான் நுழைந்ததுபோல முன்னும் பின்னும் ஆடி, மெல்ல மெல்ல நின்றது. ஈர மண் வாசனையும் அணைந்துபோன கணப்படுப்பின் வாசனையும் கலந்த குளிர்காற்று தரையோடு தரையாக வந்து அவள் கணுக்காலைத் தொட்டுப் போயிற்று. கதவின் மேல் மினுக்கிக்கொண்டிருந்த ஆரஞ்சு விளக்கு பச்சையாகி, அசையாமல் எரிந்தது.

பச்சை என்றால் கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள்.

இந்தக் கதவு சும்மா தொங்குகிற கதவு இல்லை. பூனையின் பிடரித் தோலுக்கடியில் மருத்துவர் ஊசியால் வைக்கிற, அரிசி அளவுச் சிப்பைப் படித்துப் பார்த்துத்தான் வெளியிலிருந்து உள்ளே விடும். தெருப் பூனைகள் எத்தனை முட்டினாலும் திறக்காது. பொருத்தி முடித்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதன்பின் முதலில் யார் தலையை நுழைக்கிறார்களோ, அவர்களை அந்தக் கதவு வீட்டு ஆளாக நினைவில் வைத்துக்கொள்ளும். பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துவதுதான் புத்திசாலித்தனம். ரோவீனாவுக்கு அவசரம். அழுத்திவிட்டுத்தான் பூனையைத் தேடிப் போனாள்.

“சனியனே,” என்றாள், பக்கத்து வீட்டு மாரீனின் கடுவன் பூனையை நினைத்து. அந்தத் தடியன்தான் தலையை விட்டிருப்பான்.

பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பள்ளி விடுகிற நேரத்துக்கே டிசம்பர் இருட்டு ஹாலிஃபாக்ஸ் ஊரின் மலைச்சரிவில் இறங்கிவிட்டிருந்தது. நனைந்த கல் தளம், குப்பைத் தொட்டிகள், மதிலோரத்தில் இலையெல்லாம் உதிர்ந்து முள்ளாக நின்ற ரோஜாச் செடி. கடுவனைக் காணோம். மழை மட்டும் சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. பிஸ்கட் அவள் தோளுக்கு மேலாக, வெளியே பார்க்காமல், சமையலறைக்குள் எதையோ பார்த்தது. அதன் நகங்கள் கம்பளிச் சட்டையைத் தாண்டி அவள் தோலில் இறங்கின.

பூனைக் கதவு அவளுடைய யோசனை. பூனைக்காக இல்லை, அவளுக்காக.

பிஸ்கட், அவள் கணவன் நெவிலின் முதல் மனைவி ஹேசல் வளர்த்த பூனை. ஹேசல் செத்து மூன்றாவது குளிர்காலம் இது. ரோவீனா இந்த வீட்டுக்கு வந்து இரண்டாவது. தினமும் விடிவதற்கு முன்னால் பிஸ்கட் பின்கதவைப் பிறாண்டும். ரோவீனா ஒருமுறை இருமியதற்கு நெவில் புரண்டுகூடப் படுக்கவில்லை. பூனை ஒரு பிறாண்டு பிறாண்டினால் போதும், செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்து போவான். “வர்றேன் கண்ணு, வந்துட்டேன் கண்ணு” என்று மாடிப்படியில் அவன் குரல் இறங்கும். கதவைத் திறந்தால் பூனையோடு சேர்ந்து அவனும் வெளியே போய்விடுவான். ஹேசலின் சாம்பலை அவன் தன் கையாலேயே அந்த ரோஜாவின் அடியில் போட்டு மூடியிருந்தான். அதன் பக்கத்தில், கொட்டுகிற பனியில், பைஜாமாவோடு நின்று என்னவோ பேசுவான். மாடி ஜன்னலிலிருந்து ரோவீனாவுக்கு அவன் உதடுகள் அசைவது தெரியும். சொற்கள் கேட்காது.

அந்த ஊரில் ‘கண்ணு’ என்பது காசுக்குப் பெறாத சொல். கடைக்காரி சொல்வாள், தபால்காரர் சொல்வார், ரோவீனா வேலை செய்கிற பல் ஆஸ்பத்திரியில் வலியோடு வருகிறவர்கள்கூடச் சொல்வார்கள். பஸ் ஓட்டுகிற நெவில் தன் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொரு கிழவியையும் கண்ணு என்பான். அவளை மட்டும் ‘ரோவீனா’ என்பான். மரியாதையாக, முழுசாக, விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல.

பூனை மீதும் செத்தவள் மீதும் பொறாமைப்படுகிறவளை யார் மதிப்பார்கள்? அவளே மதிக்கவில்லை. ஆனால் வயிறு எரிந்தது. அந்த வீட்டில் தட்டுகளும் திரைச்சீலைகளும் ஹேசலுடையவை. பின்கதவின் பச்சைப் பெயிண்டுகூட ஹேசல் அடித்தது. ரோவீனாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நெவில் அந்தச் செடியிடம் போவதை விட்டுவிட்டு அவளிடம் வரவேண்டும். பூனை தானாகப் போய்த் தானாக வந்தால் அவன் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாள்.

“கதவை அறுக்கணுமா?” என்று நெவில் தயங்கினான். “ஹேசலுக்கு அது பிடிக்காது. ஓட்டை போட்டா குளிர் உள்ள வரும்னு சொல்வா.”

“ஹேசல் இப்ப குளிருதுன்னு சொல்லப் போறாளா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கோட்டை மாட்டிக்கொண்டான். ஞாயிறு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

அவன் போனதும் அளவுத்தாளைக் கதவில் ஒட்டி, நான்கு மூலையிலும் டிரில் போட்டு, ஜிக்சா ரம்பத்தை உள்ளே விட்டாள். பச்சைப் பெயிண்ட் சுருள் சுருளாக உரிந்து விழுந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சுகம். அறுத்தெடுத்த துண்டைக் காலால் மிதித்துப் பிளந்து குப்பைத் தொட்டியில் போட்டாள்.

நெவில் வந்ததும் மண்டியிட்டுக் கதவைத் தடவிப் பார்த்தான். மறுபடி பொத்தானை அழுத்தி, பிஸ்கட்டை வெளியிலிருந்து உள்ளே நுழைய வைத்து, அதையும் கற்றுக்கொடுத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. பூனை உள்ளே வந்த வேகத்தில் குளிர்ப்பெட்டியின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“நல்லாத்தான் பண்ணியிருக்க, ரோவீனா,” என்றான். பிறகு மேலே பார்த்து, “ஏன் கண்ணு, புதுக் கதவு பயமா இருக்கா?”

மறுநாள் வேலை முடிந்து வந்து, கெட்டிலைப் போட்டுவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபோது, மறுபடி அந்த ‘டிக்’. கதவு ஒரு ஆட்டம் ஆடி அடங்கியது. எதுவும் உள்ளே வரவில்லை. பிஸ்கட் குளிர்ப்பெட்டி மேலேயேதான் இருந்தது. ஆனால் அதன் கண்கள் கதவடியிலிருந்து கிளம்பி, தரையோடு, மேஜைக் காலைச் சுற்றி, ஜன்னலோர நாற்காலி வரைக்கும் எதையோ பின்தொடர்ந்து போய் நின்றன. அந்த நாற்காலியில் ரோவீனா உட்காருவதில்லை. அதன் மெத்தையில் வேறொருத்தியின் உடம்புப் பள்ளம் இருந்தது.

பூனைக் கதவின் உள்பக்கம், தரையில், சாம்பல் நிறத்தில் ஒரு பொடி சிந்திக் கிடந்தது. கொஞ்சம்தான், ஒரு கரண்டி இருக்கும். குனிந்து விரலால் தொட்டாள். மணலைவிட மெல்லியது. நடுவே வெள்ளையாகச் சில குருணைகள்.

என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. பூனை செடியடியில் தோண்டி, உருண்டு, மேலெல்லாம் பூசிக்கொண்டு வந்திருக்கிறது. வேறென்ன? நெவிலிடம் சொல்லியிருக்கலாம். அவன் ஒவ்வொரு குருணையாகப் பொறுக்கியெடுத்துக் கண்ணாடிச் சீசாவில் போட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். ரோவீனா ஈரத்துணியை எடுத்தாள். துடைத்தாள். தொட்டியில் பிழிந்து, குழாயைத் திறந்துவிட்டாள். சாம்பல் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. “போய் வா,” என்றாள் சத்தமாகவே. சொன்னபிறகு குழாயை அவசரமாக மூடினாள். ஆனால் மனம் குளிர்ந்துதான் இருந்தது.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பினாள். யாருமில்லை. பழைய மரம், குளிரில் அப்படித்தான் சத்தம் போடும் என்று சொல்லிக்கொண்டாள். கெட்டில் கொதித்து அணைந்தது. தேநீர் போடாமல் முன்னறைக்குப் போய் டிவியைச் சத்தமாக வைத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் இருட்டு இறங்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. டிக். ஆட்டம். அடங்கல். உள்ளே வருகிற சத்தம்தான், வெளியே போகிற சத்தம் கிடையாது. முதலில் அவள் இதைக் கவனிக்கவில்லை. கவனித்தபிறகு வேறெதையும் கவனிக்க முடியவில்லை. வந்தது போகவில்லை என்றால், எல்லாமே உள்ளேதான் இருக்க வேண்டும். பொடி சிந்துவதும் நின்றுவிட்டது. தரை சுத்தமாக இருந்தது, யாரோ ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளிக்கொண்டதுபோல.

“பேட்டரி கோளாறா இருக்கும்,” என்றான் நெவில். பேட்டரியை மாற்றினான். பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் கற்றதெல்லாம் அழிந்துவிடும் என்று கதவோடு வந்த தாளில் போட்டிருந்ததைப் படித்து, ரோவீனா அதையும் செய்து பார்த்தாள். ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. பூனையை எடுக்கத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் ‘டிக்’. பச்சை.

வெளியிலிருந்தா, உள்ளிருந்தா? அவள் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். கழுத்தைத் திருப்பினால் போதும். திருப்பவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அவளுக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. நெவில் விடிகாலையில் எழுந்து போவதை நிறுத்திவிட்டான். ரோஜாப் பக்கமே திரும்புவதில்லை. காலையில் டோஸ்டில் மார்மலேடு தடவிக்கொண்டே ஏதோ பாட்டை முனகினான். அவள் கணக்கு பலித்துவிட்டது. ஜெயித்தவளுக்கு ஜெயித்ததைக் காதால் கேட்க ஆசை இருக்குமில்லையா?

“இப்பல்லாம் வெளியில போறதில்லையே நீ?” என்று கேட்டாள்.

அவன் கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தான். “ஆமால்ல. தெரியல ரோவீனா. போய் நின்னா அங்க யாரும் இல்லாத மாதிரி இருக்கு.” பிறகு ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துச் சிரித்தான். அங்கே வெயில்கூட இல்லை. “வீட்டுலயே நல்லாத்தான இருக்கு இப்ப.”

அந்தச் சிரிப்பு அவளுக்கானதில்லை என்று ரோவீனாவுக்குத் தெரிந்தது. பிஸ்கட் அந்த வாரம் வீட்டைவிட்டுப் போனது. மாரீனின் அடுப்பங்கரையில், கடுவனோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது. அந்தக் கடுவனைக் கண்டாலே சீறுகிற பூனை. தூக்கி வரப்போனால் நெவிலின் கையையே கீறியது.

மாரீன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, சிகரெட்டைத் தொட்டிச் செடியில் நசுக்கிக்கொண்டே சொன்னாள். “என்ன கண்ணு, பெரிய மனுஷி ஆயிட்ட? நேத்து உங்க கிச்சன் ஜன்னல்ல உன்னப் பாத்துக் கைய ஆட்டுறேன், நீ பாட்டுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கற. நெவில் உன் தோள்ல கைய வச்சிக்கிட்டு நிக்கறான். சின்னப் புள்ளைங்க மாதிரி! நல்லாருங்க போ.”

“நேத்து எப்போ?”

“இருட்டினதும்தான். உன் நீலக் கவுன் போட்டிருந்தியே.”

நேற்று இருட்டியபோது ரோவீனா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு பையனுக்குப் பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் போய், எல்லோரும் இருக்க வேண்டியதாகிவிட்டது. நெவிலுக்கு நேற்று விடுமுறை.

அந்த இடத்தில் நாம் இருந்தால் எதை நினைத்திருப்போமோ தெரியாது. சாயங்காலச் சத்தம், சாம்பல், வீட்டைவிட்டு ஓடிய பூனை, எல்லாம் கண்ணெதிரே கிடந்தன. ரோவீனா அவற்றில் ஒன்றைக்கூட நினைக்கவில்லை. ஒரு பெண்ணை நினைத்தாள். ரத்தமும் சதையுமாக, பஸ்ஸில் ஏறியவளாக, அவளுடைய நீலக் கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளுடைய சமையலறையில் நிற்கிற ஒருத்தியை. பொறாமை கண்ணை மட்டுமா மறைக்கும்? காதையும் மூக்கையும்கூட அடைத்துவிடும்.

“மாரீன், அவ முகத்தப் பாத்தியா?”

“எவ முகத்த? உன் முகத்தயா?” மாரீன் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏன் கண்ணு? ஒடம்பு சரியில்லையா?”

நெவிலின் அடுத்த விடுமுறை நாளன்று, பக்கத்து நகரமான லீட்ஸில் தங்கை வீட்டுக்குப் போவதாக நெவிலிடம் சொன்னாள். காலையில் பையோடு கிளம்பினாள். தங்கள் ஊரின் மையத்திலேயே ஒரு தேநீர்க் கடையில் பகல் முழுக்க உட்கார்ந்து, குடிக்காத தேநீரைக் கலக்கிக் கலக்கி ஆறவைத்தாள். கையும் களவுமாகப் பிடித்ததும் என்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஜன்னல்களில் விளக்கு எரியத் தொடங்கியதும் எழுந்து நடந்தாள்.

வீடுகளின் முதுகுப்பக்கமாகப் போகிற சந்து வழியாக வந்தாள். குப்பைத் தொட்டிகளின் புளித்த வாடை, எங்கோ வெங்காயம் வதங்குகிற வாசனை, கல்லில் வழுக்குகிற பாசி. பின்வாசல் படலைச் சத்தமில்லாமல் தூக்கித் திறந்தாள். சமையலறையில் வெளிச்சம் இருந்தது. ஜன்னல் திரை இறக்கப்பட்டிருந்தது. திரைக்குப் பின்னால் ஒரு நிழல் போனது. பிறகு இன்னொன்று.

இரண்டு.

மதிலோரமாக நகர்ந்தாள். ரோஜா முள் கோட்டைப் பிடித்தது. விடுவித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தபோது தரை இல்லை. கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. செடியைச் சுற்றி மண் அப்படியே இருந்தது, மேலே தொப்பி மாதிரி. அடியில் வெறும் பொந்து. சுத்தமாகத் துடைத்தெடுத்த, காலியான, குளிர்ந்த பொந்து. வழவழவென்றிருந்த அதன் சுவரில் உள்ளங்கையை ஊன்றித்தான் அவள் வெளியே வந்தாள். ஒரு பூனை இவ்வளவு தோண்டாது.

அப்போதாவது திரும்பிப் போயிருக்கலாம். படல் திறந்துதான் கிடந்தது. ஆனால் உள்ளே நெவில் சிரித்தான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒருமுறைகூடக் கேட்டிராத சிரிப்பு, அடிவயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. அதைக் கேட்டபிறகு அவளால் போக முடியவில்லை.

பின்கதவில் சாவியை வைத்தாள். அது உள்ளே போகவில்லை. உள்பக்கம் வேறு சாவி செருகியிருந்தது.

பார்ப்பதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவளே அறுத்த இடம்.

ஈரக் கல்லில் மண்டியிட்டாள். கன்னத்தைத் தரையோடு வைத்தாள். பூனைக் கதவின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வழியாகச் சமையலறைத் தரை தெரிந்தது. மேஜைக் கால்கள். நெவிலின் காலுறை போட்ட பாதங்கள். அவற்றுக்கு எதிரே, நெருக்கமாக, இன்னும் இரண்டு பாதங்கள்.

வெறும் பாதங்கள். சாம்பல் நிறம். அவை நகர்ந்த இடத்தில் ஓடு பதித்த தரையில் தடம் விழுந்தது. தடம் தானாகத் திரும்பப் பாதத்துக்குள் ஏறிக்கொண்டது.

“காலெல்லாம் சில்லுனு இருக்கே,” என்றது நெவிலின் குரல், எவ்வளவோ அன்பாக. “இங்க வா. என் கால் மேல வச்சிக்க.”

சாம்பல் பாதங்கள் அவன் பாதங்கள்மேல் ஏறின.

“லீட்ஸ் போகாம இருந்ததே நல்லதாப் போச்சு,” என்றான். “ரோவீனா கண்ணு.”

அவள் காதைக் கதவோடு அழுத்தினாள்.

சொல்லிவிட்டான். அவள் இரண்டு குளிர்காலமாகப் பட்டினி கிடந்த சொல். அவள் பெயரோடு சேர்த்து. அவளிடம் இல்லை.

“நெவில்!” என்று கத்தினாள். கதவைக் குத்தினாள். “நெவில்! நான் இங்க இருக்கேன்! அது நானில்ல! அது—”

கத்தியதாக நினைத்தாள். தொண்டையிலிருந்து வந்தது காற்றுதான். வறண்ட, இழுபட்ட, பூனை முனகுவது போன்ற ஒரு சத்தம். மறுபடி முயன்றாள். அதே சத்தம். நகங்கள் பச்சைப் பெயிண்டில் இறங்கின. பூனைக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தலையால் முட்டினாள். சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. தெரியாத ஆள்.

உள்ளே நெவில் கேட்டான், “யாரு கண்ணு வெளியில?”

பதில் வந்தது. ரோவீனாவின் குரலில். அவளுடைய அதே இழுவை, அதே சின்ன இருமல்.

“தெருப்பூனைதான். பாவம், குளிருது போல.”

“உள்ள விட்டுடாத. ஒருதடவ விட்டோம்னா அப்பறம் போகவே போகாது.”

“தெரியும்,” என்றது அது.

பாதங்கள் இறங்கின. கதவை நோக்கி வந்தன. நின்றன. முழங்கால்கள் இறங்கின. நீலக் கவுன். இரண்டு கைகள் தரையில் ஊன்றின. பிறகு முகம், மெல்ல, பக்கவாட்டில் சாய்ந்து, பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் இறங்கியது.

அவள் முகம். அவளுடையதேதான். மூக்கோரத்து மச்சம்கூட. வாய் மட்டும் இன்னும் முடிக்கப்படவில்லை. விளிம்பில் பொடி உதிர்ந்து, உதிர்ந்து, திரும்ப ஏறிக்கொண்டிருந்தது.

அது சிரித்தது.

டிக்.

சின்னக் கதவு வெளிப்பக்கமாகத் தூக்கிக்கொண்டது. ஒரு சாம்பல் கை வந்தது. ரோவீனாவால் நகர முடியவில்லை. அந்தக் கை அவள் கன்னத்தைத் தடவியது. தாடைக்கடியில் சொறிந்தது. காதைத் தாண்டி, பின்னால், பிடரிக்குப் போயிற்று. ஊசிக்கு முன்னால் மருத்துவர் செய்வதுபோல, தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கியது. அரிசி அளவில் எதையோ தேடித் தடவியது. இங்கே. இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே.

இல்லை.

“யாரோடதும் இல்ல,” என்றது உள்ளே அவளுடைய குரல், நெவிலிடம்.

கை பிடரியை விடவில்லை. இறுக்கியது. மெல்ல, பொறுமையாக, பூனைக்கென்று அறுத்த அந்தச் சின்ன ஓட்டையை நோக்கி அவளை இழுக்கத் தொடங்கியது. சமையலறையில் நெவில் கெட்டிலைப் போட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.